இரண்டு நூல் இடைவெளி

மேட்டுவலசில் முதன்முதலாக ஒரு மனுசனின் கையசைவு அவனை விட்டுக் கிளம்பி மரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது மாரியம்மன் நோம்பித் திருவிழா முடிந்த ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி வாக்கில். அன்றைக்கு ஆற்றுத்தண்ணி விடும் முறை என்பதால், குழாயில் தண்ணி வந்ததா இல்லையா என்பதுதான் ஊருக்கு அதைவிடப் பெரிய சேதியாக இருந்தது. கோயில் சாவி வைத்திருக்கும் ராக்கியப்பன், இருபது வருசமாகச் செய்வதுபோலவே, பேச்சுக்கு நடுவில் அந்த நீளச் சாவியைத் தூக்கி வலது காதைக் குடையப் போனார். கை இடுப்புக்கு மேல் எழும்பவில்லை. இன்னொரு தரம் முயன்று பார்த்தார். சோறு தின்னச் சொன்னால் தின்கிறது, கும்பிடச் சொன்னால் கும்பிடுகிறது, போகிற பஸ்ஸை நிறுத்தச் சொன்னால் நீட்டி நிறுத்துகிறது, காது குடைய மட்டும் வரவே மாட்டேன் என்கிறது அந்தக் கை.

அப்படியே சாவியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்து திருமூர்த்தியின் பட்டறைக்கு வந்தார். அங்கே வேலைப் பலகையின் மேல் ஓரடி உயரத்தில் மர ராக்கியப்பன் ஒருவர் நின்றார். அடியில் ஒரு கைப்பிடி. சுற்றினால் மர ராக்கியப்பன் மரச் சாவியைத் தூக்கிக் காதைக் குடைந்தார், கண்ணைச் சுருக்கினார், சாவியை இறக்கினார், மறுபடி தூக்கினார்.

"ஏம்ப்பா மூர்த்தி, எம்பட காது கொடையறது இங்கதான் கெடக்குதா?"

"ஆமாங்ண்ணா. இப்பத்தான் கடைசி ஆப்பு அடிச்சேன்."

"அதான பாத்தேன், கை வரமாட்டேங்குதேன்னு."

நாலு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அச்சு அசலா என்னையாட்டவே இருக்குது போ" என்று சொல்லி, குழாயில் தண்ணி வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார். இருபது வருசமாக ஆறாமல் சீழ் வைத்துக்கொண்டிருந்த அவர் காது பதினைந்தே நாளில் ஆறியது. ஊர் அதைத்தான் கவனித்தது.

திருமூர்த்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. கோயமுத்தூருக்குக் கிழக்கே இருக்கிற பவுண்டரிகளுக்கெல்லாம் மரத்தில் பேட்டர்ன் செய்து கொடுக்கிற ஆள் அவன். மோட்டார் மூடியோ பம்ப்பு உடம்போ எதுவானாலும் முதலில் மரத்தில் செய்து, அதை மண்ணில் பதித்து எடுத்து, பதிந்த பள்ளத்தில்தான் இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். ஊற்றிய இரும்பு ஆறும்போது அடிக்கு ஒரு நூல் சுருங்கும். நூல் என்பது தச்சர் கணக்கில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு. அதனால் மரத்தை அந்த அளவுக்குப் பெரிதாகவே செய்துவிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் யார் உட்கார்ந்து கணக்குப் போடுவது? அதற்கென்றே ஒரு ஸ்கேல் உண்டு, அந்த ஸ்கேலில் ஓரடி என்பது ஊரிலுள்ள ஓரடியைவிட ஒரு நூல் நீளம், அதை வைத்து அளந்தால் எல்லாம் தானாகப் பெரிதாகிவிடும். இருபத்தாறு வருசமாக அவன் பட்டறைச் சுவரில் அந்த ஒரு ஸ்கேல்தான் தொங்கியது. அது மற்ற ஸ்கேல்களைப் போன்றதல்ல என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது.

அவனுக்குப் பெண்டாட்டி பூவாத்தாள். ஒரே மகள் அமராவதி, இருபத்துமூன்று வயசு, பிறந்ததிலிருந்தே காது கேட்காது, வாய் பேசவராது. ஆனால் கை பேசும், அதுவும் ஊரில் யாருடைய வாயும் அந்த வேகத்துக்குப் பேசாது. 'அப்பா' என்பதற்கு அவள் ஒரு வயசிலேயே ஒரு அசைவு கண்டுபிடித்து வைத்திருந்தாள்: ஆள்காட்டி விரலை மேலுதட்டின் மேல் வைத்து மீசைபோல ஒரு இழுப்பு, அப்படியே கையை வலது காதுக்குக் கொண்டுபோய், இல்லாத பென்சில் ஒன்றைச் செருகுகிறாற்போல ஒரு தொடல். திருமூர்த்தியின் காதில் எந்நேரமும் ஒரு பென்சில் இருக்கும். உதட்டில் விரல் படுவதும் காதில் விரல் படுவதும்தான் அவளுக்கு அந்தச் சொல்லின் சத்தம். வேறு சத்தம் எதையும் அந்தப் பிள்ளை கேட்டதில்லை.

நோம்பிக்கு மூன்று நாள் பொம்மலாட்டம் வந்திருந்தது, சேலத்துப் பக்கத்து மாதேசன் கோஷ்டி. வனத்துக்குப் போகிற ஒரு ராணி பொம்மை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்த நடையில் பெண்களெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். திருமூர்த்தி மட்டும், இந்த முழங்கை எந்த இடத்தில் மடிகிறது, இந்தக் கழுத்து எத்தனை கயிற்றில் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். தலையில் வளையம் மாட்டி, வளையத்திலிருந்து கயிறு இறக்கி, மாதேசன் தன் தலையை ஆட்டினால் ராணி தலையை ஆட்டினாள். மூன்றாம் நாள் முடிந்து மறுநாள் காலையில் அவர்கள் சாமான் கட்டும்போது போய்ப் பக்கத்தில் நின்றான். மாதேசன் ஒவ்வொரு பொம்மையின் மணிக்கட்டிலிருந்தும் முழங்காலிலிருந்தும் முடிச்சு முடிச்சாகக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த ஊர்ல திரும்பக் கட்டோணுமல்லங்? எதுக்குங் அத்தனையும் அவுக்கறீங்க?"

"பொம்மைக்குன்னு சொந்த நடை ஏதுங்க? ராணி நடக்கறது எங்க அத்தையோட நடை. ஆட்டம் முடிஞ்சா அவுத்து அனுப்பிச்சிரணும். கட்டோட பெட்டியில போட்டுட்டா அத்தை அங்க எந்திரிக்க முடியாம உக்காந்திருக்கும், பாவம்."

அடுப்பை அணைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். திருமூர்த்தி சிரித்துக்கொண்டான். அவன் புத்தியில் ஓடியது வேறு. மேலே ஒரு ஆள் நின்று கயிற்றை இழுப்பதற்குப் பதிலாக, கீழே ஒரு பெட்டி, பெட்டிக்குள் முட்டை வடிவத்தில் நாலைந்து மரச் சக்கரம், ஒரு கைப்பிடி, சக்கரம் எழும்பும்போது கை எழும்பும், சக்கரம் இறங்கும்போது கை இறங்கும், பொம்மலாட்டக்காரனே வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து உடம்புக்குக் கல்யாணமுருங்கையும் சக்கரத்துக்குத் தேக்கும் எடுத்தான். யாருடைய அசைவைச் செய்வது என்று யோசித்தபோது, எதிரே கோயில் வாசலில் ராக்கியப்பன் காது குடைந்துகொண்டிருந்தார். எட்டு நாளில் முடித்து, வஜ்ரப் பசை காய்ச்சி ஒட்டி, ஆப்பு அடித்து இறுக்கினான். அவிழ்ப்பதற்கு அதில் ஒரு முடிச்சுகூட இல்லை.

ராக்கியப்பன் காது ஆறியதும் ஊர் வர ஆரம்பித்தது. முதலில் நகம் கடிக்கிற ஆறாம் வகுப்புப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஒரு தாய் வந்தாள், பின்னால் பேசும்போதெல்லாம் தொடையைத் தட்டுகிற சீட்டுக் கம்பெனி மானேஜர் வந்தார், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர் வந்து பட்டறையிலேயே மதியம் படுத்துத் தூங்கிக் காட்டினார், சாராயக் கிளாஸைத் தூக்குகிற தன் புருசனின் கையை எடுத்துவிடும்படி மூன்று பெண்கள் மூன்று புருசன்மாரைத் தரதரவென்று இழுத்து வந்தார்கள், அதில் ஒருத்தன் மறுவாரமே இடது கையால் குடிக்கப் பழகிக்கொண்டதால் இரண்டாம் தரமும் வரவேண்டியதாயிற்று. கோயில் கமிட்டி கூடி, கை அசைவுகளுக்குச் செவ்வாய், முக அசைவுகளுக்கு வெள்ளி, தூக்கத்தில் செய்கிறவைக்கு ஞாயிறு மதியம் என்று முறை வைத்தது. பவுண்டரி மானேஜர் ஒருவர் வந்து, வேலையாட்களின் கொட்டாவியை மொத்தமாக எடுத்துவிட முடியுமா என்று கேட்டபோது திருமூர்த்தி, அதெல்லாம் அவரவர் சொத்து என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

பட்டறையின் பலகைத் தட்டுகளில் பொம்மைகள் நிறைந்தன. நகம் கடிப்பதும் தொடை தட்டுவதும் கண் சிமிட்டுவதுமாக ஒரு ஊர் வேண்டாம் என்று கழித்துப்போட்டது முழுக்க அங்கே வரிசையில் நின்றது.

தறி ஓட்டுகிற செல்லமுத்துவின் பெண்டாட்டி சரசாள் வந்தது மட்டும் அவனால் மறக்க முடியாதது. "இவியளுக்கு அடிக்கற கையி வேண்டாமாமுங்" என்றாள். செல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பார்க்காமல் செய்ய முடியாது. எந்த அசைவானாலும் ஒரு தரமாவது திருமூர்த்தி கண்ணால் பார்த்தாக வேண்டும். சொன்னான். சரசாள், "அதுக்கென்னுங், இன்னொன்னு வாங்குனாப் போச்சு" என்று புருசன் முன்னால் போய்க் கன்னத்தைக் காட்டி நின்றாள். அந்த அடியின் சத்தம் கேட்டு வெளியே கட்டியிருந்த ஆடு மிரண்டது. பொம்மை முடிந்ததும் அவளே வந்து வாங்கிப்போய் டிவி மேல் வைத்தாள். ஒருநாளும் கைப்பிடியைத் தொடவில்லை.

இவ்வளவுக்கும் ஊர் ஒரு விதி கண்டுபிடித்து வைத்திருந்தது. கண்டுபிடித்தவர் ராக்கியப்பன். "வேண்டாம்னு மனசார நெனைக்கறதுதான் போவும். நமக்கு வேணும்ங்கறது நம்மள உட்டுப் போவாது." எல்லோரும் தலையாட்டினார்கள், திருமூர்த்தியும் ஆட்டினான். காது குடைவது வேண்டாம் என்று ராக்கியப்பன் ஒருநாளும் நினைத்ததில்லை, அது அவருக்கு இருபது வருசச் சுகம், அது போனபோது அவர் அதைத் தேடிக்கொண்டுதான் பட்டறைக்கு வந்தார் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவருக்கே வரவில்லையே.

தை பிறந்ததும் அமராவதிக்கு வரன் திகைந்தது. மாப்பிள்ளை நாகமாணிக்கம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங். அவனுக்கும் காது கேட்காது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு இரண்டு பேரும் கையாலேயே இரண்டு மணி நேரம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்ததில், வந்த ஒறம்பரைச் சொந்தமெல்லாம் பேச்சில்லாமல் பஜ்ஜி தின்றது. திருமூர்த்திக்குச் சந்தோசம்தான். ஆனால் அன்றையிலிருந்து அவனுக்கு வேலை ஓடவில்லை. இழைப்புளியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான்.

அமராவதி அதைப் பார்த்தாள். ஒருநாள் மத்தியானம் பட்டறைக்குள் வந்து, மரப்பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்து, கையால் சொன்னாள்: நான் கூப்பிடுவதைப் பொம்மையாகச் செய்துகொள். நான் திருப்பூரில் இருக்கும்போது நீ கைப்பிடியைச் சுற்று. நான் கூப்பிடுவேன்.

"போயிருச்சுன்னா?" என்று கேட்டான் அவன், கையை விரித்து.

அவள் சாவி குடைகிற மாதிரி காட்டினாள், ராக்கியப்பன் மாமா என்று அர்த்தம். அவர் சொன்னது உனக்குத் தெரியாதா? வேண்டாம் என்பதுதான் போகும். எனக்கு நீ வேண்டாமா?

அவனுக்கும் ஆசை இருந்தது. மனசுக்குள் ஒரு மூலையில் அந்த ராணியும் அத்தையும் வந்து போனார்கள், அவன்தான் துரத்திவிட்டான். மூன்று நாள் அவள் அந்தப் பெட்டியில் உட்கார்ந்து, மாலை வெயில் பலகைமேல் விழுகிறவரை, உதட்டில் ஒரு இழுப்பு, காதில் ஒரு தொடல், உதட்டில் ஒரு இழுப்பு, காதில் ஒரு தொடல் என்று செய்து காட்டிக்கொண்டே இருந்தாள், அவன் சக்கரத்தை அரத்தால் ராவி மாட்டிப் பார்த்து, மறுபடி கழற்றி ராவி, சுவரிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்து, மறுபடி மாட்டினான். ஒரு நூறு தரமாவது அவள் அவனைக் கூப்பிட்டிருப்பாள். வேலை மும்முரத்தில் ஒரு தரம்கூட அவன் நிமிர்ந்து, என்ன கண்ணு என்று கேட்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆப்பு அடித்தான். மர அமராவதி விரலை உதட்டில் வைத்து இழுத்துக் காதைத் தொட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை அமராவதி காப்பியைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நின்றாள். அவன் குனிந்து மரம் அறுத்துக்கொண்டிருந்தான். அவளுடைய கை எழுந்து மார்புவரை வந்து நின்றது. காப்பியைக் கீழே வைத்துவிட்டு இடது கையால் வலது கையைப் பிடித்து உதட்டுக்குத் தூக்கினாள். இரும்புக் கம்பியை வளைப்பதுபோல் அது வளையமாட்டேன் என்றது. காலால் தரையை ஓங்கி உதைத்தாள். அந்த அதிர்வில் அவன் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துபோய்விட்டது.

"ஊருல இருக்கற கெரகத்தையெல்லாம் வாங்கி வாங்கி ஊட்டுக்குள்ள அடுக்குனீங்க" என்று பூவாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். "கடேசில பெத்த புள்ளகிட்டயே கைய வெச்சிட்டீங்களே! அதும் வாயில இருந்த ஒத்தச் சொல்லுங்க அது!"

விக்கல் எடுக்க முறை வாங்கியிருந்த ஒருவர் வந்து, வீட்டில் அழுகை என்று பார்த்து, சரி அழுது முடிக்கட்டும் என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்து விக்கிக்கொண்டிருந்தார்.

விதி பொய்யில்லை, விதியைப் புரிந்துகொண்டதுதான் பொய் என்று ராக்கியப்பன் வந்து விளக்கினார்: வேண்டாததுதான் போகும் என்றில்லை, மனசார யாருக்காவது கொடுத்தாலும் போகும்போல. பாப்பா முழு மனசோடு கொடுத்துவிட்டது. "உம்பட காது கொடையறது அப்ப எப்படிப் போச்சுங்?" என்று யாரோ கேட்க, அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதுக்கு வேற விதி இருக்கும்" என்றார்.

ஊர் சும்மா இருக்கவில்லை. அப்பாவைக் கூப்பிட வேறு அசைவு எத்தனையோ இருக்கிறதே என்று ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். மரம் அறுக்கிற மாதிரி காட்டு என்றார்கள், நெஞ்சைத் தொட்டுக் காட்டு என்றார்கள், எழுதிக் காட்டேன், பள்ளிக்கூடம் போனவள்தானே என்றார்கள். அமராவதி மரியாதைக்கு எல்லாவற்றையும் ஒருதரம் செய்து பார்த்தாள். மரம் அறுப்பது ஆசாரி என்று சொன்னது, நெஞ்சைத் தொட்டது நான் என்று சொன்னது, சிலேட்டில் எழுதிய அப்பா என்ற மூன்று எழுத்தைத் தானே பார்த்துவிட்டு அழித்தாள். சாம்பாருக்கு உப்பு போதுமா என்று அவளால் கேட்க முடிந்தது. யாரைக் கேட்கிறாள் என்று சொல்லத்தான் முடியவில்லை. அவனைக் கூப்பிட வேண்டுமானால் தரையை உதைத்தாள், உதைத்துவிட்டு ஒவ்வொரு தரமும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது.

மாதேசன் சொன்னதை அவன் பூவாத்தாளிடம் சொன்னபோது, "அப்ப அவுத்து உடுங்க!" என்று கத்தினாள் அவள். அவிழ்க்க அதில் என்ன இருக்கிறது? ஒட்டினது ஒட்டினதுதான், உடைக்கத்தான் வேண்டும். உடைத்தால் அசைவு திரும்பி வருமா, அல்லது மரத்தோடு அதுவும் போய்விடுமா என்று அவனுக்குத் தெரியாது. மாதேசன் கோஷ்டி எந்த ஊர்க் கோயிலில் ஆடிக்கொண்டிருக்கிறதோ, நாலு பக்கம் ஆள் விட்டும் தகவல் இல்லை.

ஆசாரி பொம்மைகளை உடைக்கப் போகிறான் என்ற பேச்சு கிளம்பியதுதான் தாமதம், ஊரே பட்டறைக்கு ஓடிவந்து அவரவர் பொம்மையை அள்ளிக்கொண்டு போனது. நகம் அரிசிப் பானைக்குள் போனது, பல் கடிப்பது பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது, சரசாள் டிவி மேல் இருந்ததை எடுத்து மூன்று சேலையில் சுற்றித் தாய்வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டாள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. போனது திரும்பி வந்துவிடுமோ என்ற பயம் யாருக்குத்தான் இல்லை? தட்டுகளெல்லாம் காலியாகி, கடைசியில் இரண்டு பொம்மைகள் மிஞ்சின. ஒன்று அமராவதி, இன்னொன்று ராக்கியப்பன்.

"என்றத மொதல்ல ஒடச்சுப் பாரு" என்றார் ராக்கியப்பன். "காதுதான? மறுபடி சீழ் வெச்சா வெச்சுட்டுப் போவுது. பாப்பா விசயம்டா இது."

திருமூர்த்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு உளியை வைத்துத் தட்டி ஆப்பைப் பிளந்தான், சக்கரத்தை உடைத்து எடுத்தான். ராக்கியப்பனின் கை தானாகச் சாவியைத் தூக்கியது. வாசலில் நின்ற கூட்டம், வந்துருச்சு வந்துருச்சு என்று ஆர்ப்பரித்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சாவியை வாகாகச் சுழற்றினார், ஆனால் முகத்தில் அந்தச் சுகம் தெரியவில்லை.

"என்னமோ கம்மியா இருக்குதேப்பா" என்றார்.

வேறு யார் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது. பேட்டர்ன் ஆசாரியின் கண்ணுக்குத் தெரிந்தது. சாவி காதைத் தொடவில்லை. காதுக்கு வெளியே, இரண்டு நூல் தள்ளி, காற்றில் சுழன்றது.

திருமூர்த்தி மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தான். அந்த ஸ்கேல் அங்கே தொங்கியது. இடுப்பிலிருந்து காதுவரை கை போகிற தூரம் இரண்டடி. அடிக்கு ஒரு நூல். பொம்மை சின்னதுதான், அசைவு சின்னதில்லையே. அது திரும்பி வரும்போது மனுச அளவுக்கு விரிந்து, இரும்பு சுருங்குவதற்காக விட்ட இடத்தையும் சேர்த்துக்கொண்டு வருகிறது; கை தேடிப் போவது இரண்டு நூல் பெரிய ஒரு உடம்பின் காதை. மனுசன் இரும்பா, ஆறினால் சுருங்குவதற்கு? அங்கேயே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டான். கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை, ராக்கியப்பனுக்குச் சாவி காதில் படாததால் சீழ் வைக்காது, அசைவும் திரும்பிவிட்டது, இரண்டு லாபம் என்று அவரைத் தட்டிக்கொடுத்துக் கூட்டிப் போனார்கள்.

வேறு ஸ்கேலில் அளந்து புதிதாகச் செய்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவனுக்கும் தோன்றியது, பட்டறையைப் பூட்டிக்கொண்டு இரண்டு நாள் அதைத்தான் யோசித்தான். எதைப் பார்த்துச் செய்வது? அவளிடம் அந்த அசைவு இல்லை. இருப்பது பொம்மையிடம், அதுவோ இரண்டு நூல் பெரிசு. சக்கரத்தை இழைத்துச் சின்னதாக்கப் பார்த்தான். ஆப்பு இறுகிப்போன பிறகு அந்தச் சக்கரத்தில் உளி ஏறவில்லை, உடைத்தால் உடையும், செதுக்கினால் செதுங்காது. இருபத்தாறு வருசத்தில் இரண்டு நூல் என்பது அவனுக்கு ஒரு விசயமே இல்லை, இழைப்புளியை ஒருதரம் ஓட்டினால் போகிற அளவு அது. அந்த இரண்டு நூலுக்கு முன்னால் அவன் கையாலாகாமல் உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் மகளைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கால் அங்குலம் விலக்கிப் பிடித்து, இவ்வளவு, என்று காட்டினான். வரும், ஆனால் தொடாது. அவள் அந்த இடைவெளியையே ரொம்ப நேரம் பார்த்தாள். அவன் விரல்களை அவள் விரலால் நெருக்கி ஒட்டவைக்கப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்: கொடு.

கல்யாணம் திருப்பூரில். வேன் வாசலில் வந்து நின்ற காலையில்தான் அவனுக்கு உளியை எடுக்கத் தைரியம் வந்தது. சீலை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து அமராவதி வேனில் ஏறி சன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டாள், ஊரே சுற்றி நின்றது, பூவாத்தாள் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். உள்ளே பட்டறையில் உளியின் மேல் ஒரே தட்டு. மர அமராவதியின் கை தொங்கிப்போனது. அதற்கு மேல் அவன் அதைப் பார்க்காமல் வெளியே ஓடிவந்தான்.

அவள் கை எழுந்தது. விரல் மேலுதட்டுக்கு நேராக வந்து மீசைபோல ஒரு இழுப்பு இழுத்தது, அப்படியே காதுக்குப் போய் ஒரு பென்சிலைச் செருகியது. பார்த்தவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. "வந்துருச்சு! பாப்பா அப்பாவக் கூப்புட்டுருச்சு!" என்று ராக்கியப்பன் கத்த, பெண்கள் குலவை போட, யாரோ ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தார்கள். அத்தனை சத்தத்துக்கு நடுவில் அமராவதி தன் விரல் நுனியைப் பார்த்தாள். இன்னொரு தரம் செய்தாள். மறுபடி விரலைப் பார்த்தாள். எல்லோருக்கும் கேட்டது அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. உதட்டுக்கும் விரலுக்கும் நடுவில், காதுக்கும் விரலுக்கும் நடுவில் இரண்டு நூல் காற்று இருந்தது. அது அவளுக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். நல்ல நேரம் தப்பிவிடும் என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். திருமூர்த்தி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பழக்கத்தில் ஒரு கை காதுக்குப் போய் அங்கே இருந்த பென்சிலைத் தொட்டது. அவன் அதை எடுத்துப் பார்த்தான். தச்சுப் பென்சில், சிவப்பும் நீலமுமாக, பாதி தேய்ந்தது. தடிமன் எவ்வளவு என்று பார்க்க அவனுக்கு ஸ்கேல் வேண்டியதில்லை, இரண்டு நூல். சன்னல் வழியாகக் கையை நீட்டி, கனகாம்பரத்தை ஒதுக்கி, மகளின் வலது காதில் அதைச் செருகினான்.

அவள் மறுபடியும் கையைத் தூக்கினாள். விரல் காதுக்குப் போனது, பென்சிலைத் தொட்டது. பென்சில் காதில் அழுந்தியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் தொட்டாள், ஒவ்வொன்றுக்கும் அவன், "என்ன கண்ணு, என்ன கண்ணு" என்றான்.

பிறகு அவள் கண்ணைத் திறந்து, விரலை உதட்டுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தி, இதற்கு என்ன என்று கேட்பதுபோல் அவனைப் பார்த்தாள். உதட்டுக்கும் விரலுக்கும் நடுவில் வைப்பதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை. வேன் நகர்ந்தது. விரல் அப்படியே நின்றது.